தவக்காலத்தில் காய்த்தது

எங்கள் பங்குக் கோவில் பீடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பூ வைக்கும் வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். திண்டிவனத்தின் ஓரத்தில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த கொல்லையாக இருந்து பிளாட்டாக மாறிய ஒரு நகரில் எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் மூன்று பாத்தி. இரண்டில் சாமந்தியும் ஜினியாவும் இருந்தன. மூன்றாவதில் எதை வைத்தாலும் சரியாக வரவில்லை.

கிளியனூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். நாலு வருடத்துக்கு முன்னால் பஸ் லாரியில் மோதியபோது பின்படிக்கட்டில் நின்றிருந்தார். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். அதன் பிறகு ஓடும் பஸ்ஸில் நிற்க முடியாது என்று, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் வேலையில் போட்டார்கள். விடியற்காலை ஷிப்ட். மதியம் இரண்டரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். எங்கள் ஒரே மகள் நர்சிங் முடித்து சென்னையில் இருக்கிறாள். வெளிநாட்டு வேலைக்காக அப்போதுதான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள்.

அந்த விதையைக் கொண்டுவந்தது என் தங்கை. குயிலாப்பாளையத்தில் குடியிருந்துகொண்டு, பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கிறாள். கல்லறைத் திருநாளுக்கு அம்மா அப்பா கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்த வந்தவள், கைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, எங்க கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போச்சு. பூ பெருசா வருமாம். நீதான் கோவிலுக்கு வெப்பியே."

உறைமேல் பெரிய ரோஜா நிறப் பூவின் படம் இருந்தது. அடுக்கடுக்காக, கசங்கின பட்டுத்துணி மாதிரி. கீழே எழுதியிருந்தது ஆங்கிலமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் படத்தைப் பார்த்ததோடு சரி. விதை கறுப்பாக, புகையிலைப் பொடி மாதிரி இருந்தது. தீபாவளி மழை விட்டதும் மூன்றாவது பாத்தியில் மணலோடு கலந்து தூவினேன்.

மார்கழிப் பனியில் அது வளர்ந்த விதம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சாம்பல் பூத்த பச்சை இலைகள், தண்டைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டு. பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம் முதல் மொட்டு தலை நிமிர்ந்து விரிந்தது. அந்த ஞாயிறு பூசைக்கு ஏழு பூ எடுத்துக்கொண்டு போனேன். பூசை முடிந்து வெளியே வந்த பெண்கள் எல்லாம் எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் பூத்தது என்று சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்கவில்லை.

அப்படி மூன்று ஞாயிறு. பிறகு விபூதிப் புதன் வந்தது. தவக்காலத்தில் பீடத்தில் பூ வைப்பதில்லை. நாற்பது நாளும் வெறும் துணிதான். அதனால் நான் பூவைப் பறிக்கவில்லை. பறிக்காத பூக்கள் செடியிலேயே உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் காய் திரண்டது. கோழி முட்டையில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். தலையில் சின்ன கிரீடம் வைத்த மாதிரி.

பக்கத்து மனையில் புது வீடு கட்டி முடிக்கிற கட்டம். டைல்ஸ் ஒட்ட வடக்கேயிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டினவர். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறதென்பதால் தமிழ் ஓரளவு பேசுவார். குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவார், பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நின்று பேசும் ஆள் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது மதில்பக்கம் நின்று கூப்பிட்டார்.

"அக்கா, இந்தப் பூ யார் வெச்சது?"

"நான்தான். நல்லா இருக்குதா?"

அவர் சிரிக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது அஃபீம் அக்கா."

"இன்னா?"

"அஃபீம். மத்தியப் பிரதேசத்துல எங்க ஊர் வயல்ல இதுதான். கவர்மென்ட் பேப்பர் குடுக்கும். பேப்பர் இருந்தா போடலாம். பேப்பர் இல்ல, போலீஸ் வரும். காய் வந்தாச்சு. எடுத்துடுங்க."

அவர் உள்ளே போய்விட்டார். டைல்ஸ் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் பாத்திக்குப் பக்கத்தில் பையைத் தோளில் மாட்டியபடி நின்றேன். டிப்ளமோ படிக்கும்போது அந்தக் காயின் படத்தை நானே பென்சிலால் வரைந்து, பாகம் குறித்து, பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அது இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால். மூன்று வாரம் பீடத்தில் வைத்து, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியும், அந்தப் படம் என் நினைவுக்கு வரவே இல்லை. இப்போது அவர் அந்த வார்த்தையைச் சொன்னதும் வந்தது. அபின். கசகசா காய்க்கிற செடி.

பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். பாப்பி என்ற பெயரில் எத்தனையோ வகை இருந்தது. அதில் ஒன்றாகத்தான் இருக்கும், இதுவாக இருக்காது என்று ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனேன். தண்டைக் கட்டிப் பிடித்த அந்தச் சாம்பல் இலை ஒரு வகையில்தான் இருந்தது. கிளியனூர் வருவதற்குள் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. போனை அணைத்துப் பையில் போட்டபோது, அந்தப் பெயரைத் தேடினதுகூட எங்கோ பதிவாகியிருக்குமே என்று தோன்றியது.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் சுகாதார நிலையத்தில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்திருந்தது. எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றோம். என் குரல் கணீரென்று இருக்கும் என்பதால் எப்போதும் என்னைத்தான் படிக்கச் சொல்வார் டாக்டர். வலது கையை நீட்டிக்கொண்டு படித்தேன். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பின்னாலிருந்து பதினைந்து பேர் திருப்பிச் சொன்னார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் என் முகத்தைப் பார்த்தால் காய்ச்சல்காரி மாதிரி இருக்கும்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊர்ல எவனுக்குத் தெரியும், இது இன்னா செடின்னு? அழகுக்கு வெச்சது. இருந்துட்டுப் போவட்டும்."

"டைல்ஸ் போடறவருக்குத் தெரிஞ்சிருக்குதே."

"அந்தாளு வேலை முடிஞ்சா போய்டுவான். நீ ஏன் பேஜாரு பண்ணிக்கினு இருக்கற? காய் காயட்டும், அப்புறம் நானே புடுங்கிப் போடறேன்."

தோட்டத்தின் பக்கமே திரும்பாத மனிதர், கொஞ்ச நாளாக அந்தப் பாத்திக்கு அவரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று செருப்பைக்கூட நான் எடுத்து வைக்கவேண்டும். அப்படிப்பட்டவர் குனிந்து களை எடுத்ததைப் பார்த்து, உடம்பு தேறி வருகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கே நான் பிடுங்கியிருக்கலாம். ஏன் பிடுங்கவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். தெரிந்த பிறகு பிடுங்கினால் தடயத்தை அழித்ததாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். பிடுங்காமல் விட்டால் தெரிந்தே வளர்த்ததாக ஆகிவிடுமே என்று இன்னொரு பயம். எது சரி என்று யாராவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

கன்னியர் மடம் நடத்திய ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் இப்போது விழுப்புரத்தில் வக்கீல். மாடியில் சின்ன அலுவலகம். கட்சிக்காரர்கள் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். பாதியிலேயே அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"எத்தினி செடி?"

"பதினேழு."

"பூவா, காயா?"

"காய்."

"உன்கிட்ட இருந்து இப்படி ஒண்ணு வரும்னு நான் நெனைக்கலடி," என்றாள்.

"அழகுக்குத்தான் வெச்சேன். கோவிலுக்கு."

"அழகுக்கு வெச்சியா, மாதாவுக்கு வெச்சியான்னு சட்டம் கேக்காது. எந்தச் செடின்னு மட்டுந்தான் கேக்கும். செவப்பா சின்னதா ஒரு பாப்பி இருக்கு, மலைப்பக்கம் பங்களாவுல எல்லாம் வெப்பாங்க. அதுக்குத் தடை இல்ல. பேர் பாப்பின்னு இருக்கறதால குத்தம் ஆயிடாது. நீ வெச்சிருக்கறது அந்தத் தடை பண்ண ஜாதி. கடையில கசகசா வாங்கி குருமா வெக்கலாம். அதே கசகசாவை மண்ணுல போட்டு மொளைக்க வெச்சா பத்து வருஷம் வரைக்கும் உள்ள போவலாம்."

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னா?"

"மத்த கேஸ்ல உனக்குத் தெரியும்னு போலீஸ் நிரூபிக்கணும். இதுல தெரியாதுன்னு நீ நிரூபிக்கணும். நீ யாரு? மருந்தாளுநர். ஜட்ஜ் மொதல்ல அதைத்தான் படிப்பாரு."

கீழே தெருவில் ஒரு வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். காய்கறி வேன்தான். நான் திரும்பியதை அவள் கவனித்தாள்.

"நானே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிட்டா?"

"சொல்லணும்னுதான் சட்டம் சொல்லுது. நல்ல அதிகாரியா இருந்தா, புடுங்கிப் போடும்மான்னு சொல்லி அனுப்புவாரு. கேஸ் காட்டணும்னு இருக்கறவரா இருந்தா ஆளைக் கூட்டிக்கினு வந்து, செடியைக் கைப்பத்தினதா மகஜர் எழுதுவாரு. எவரு உக்காந்திருக்காருன்னு உள்ள போனாத்தான் தெரியும். நாப்பத்தெட்டு மணி நேரம் உள்ள இருந்தா உனக்கு சஸ்பென்ட்." மூடி வைத்த பேனாவை ஓரமாகத் தள்ளினாள். "வக்கீலா நான் இன்னும் யோசிச்சுப் பேசணும். ஃபிரெண்டா சொல்றேன். இன்னைக்கே புடுங்கு. காய வெக்காத, யாருக்கும் குடுக்காத, ஒரு காய்கூட வீட்ல இருக்கக் கூடாது. பொண்ணு பாஸ்போர்ட் போட்டிருக்கான்னு சொன்னியே, என்கொயரிக்கு ஆள் எப்ப வேணா வருவாங்க."

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் கரும்பு ஏற்றின டிராக்டர்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பஸ் மெதுவாகப் போகும்போது என் பையில் ஏதோ இருக்கிற மாதிரி கையை அதன் மேல் வைத்துக்கொண்டேன். பையில் சாப்பாட்டு டப்பாவும் குடையும்தான் இருந்தன.

வீட்டை நெருங்கும்போது மணி ஐந்திருக்கும். எங்கள் கேட்டுக்கு முன்னால் ஒரு பைக் நின்றது. பின்சீட்டில் காக்கித் தொப்பி.

திரும்பிப் போய் வக்கீலிடம் கேட்டுவிட்டு வரலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உள்ளேயிருந்து கணவரின் குரல் கேட்டது. "இதோ வந்துட்டாங்க சார்."

பாத்தியை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், மீசை நரைத்தவர். கையில் டீ டம்ளர். மடியில் என் மகளின் போட்டோ ஒட்டின காகிதம். அவருடைய முழங்கைக்கும் அந்தக் காய்களுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

"பாஸ்போர்ட் என்கொயரிம்மா. பொண்ணு சென்னையிலன்னு சார் சொன்னாரு. லீவுல வர்றப்ப ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. பக்கத்துல ரெண்டு பேரை விசாரிச்சிட்டேன். நல்ல குடும்பம்னு சொன்னாங்க."

"சரிங்க சார்."

"எந்த வேலைக்குப் போவுது?"

"நர்ஸ் வேலைக்கு சார்."

அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. பாத்தியைப் பார்த்தார்.

"இது இன்னா பூம்மா? இங்க எங்கயும் பாத்ததில்ல."

கடைசியாக இரண்டு பூ மட்டும் அன்றைக்கு மிச்சம் இருந்தது.

"பேர் தெரியல சார். கோவிலுக்காக வெச்சது." முதல் பாதி பொய் என்பது என் வாய்க்குள் கசந்தது.

"எங்க வீட்ல அவங்களுக்குச் செடின்னா உசுரு. ஒரு காய் குடுங்களேன், விதை போட்டுப் பாக்கட்டும்."

கணவர் எழுந்தார். யோசிக்காமல் எழுந்த மாதிரி இருந்தது. ஒரு காயைப் பிடித்துத் திருகப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அது இன்னும் முத்தல. இப்பப் பறிச்சா விதை மொளைக்காது சார். முத்தட்டும், நானே எடுத்து வெக்கறேன்."

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அவர் விரலுக்கு நடுவில் இருந்த காயின் மேல், மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள். ஓரத்தில் பழுப்பாக ஏதோ உறைந்திருந்தது. பக்கத்துக் காயிலும் அதேபோல். அதற்குப் பக்கத்திலும்.

போலீஸ்காரரும் குனிந்து பார்த்தார். விரல் நுனியால் ஒரு கீறலைத் தடவினார்.

"பூச்சி கீறியிருக்குது போல."

"ஆமா சார்," என்றேன். "பூச்சிதான்."

விரலை நாற்காலியின் கையில் துடைத்துக்கொண்டு அவர் எழுந்தார். அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருவேன், விதை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை நான் கேட்டிலேயே நின்றேன்.

உடை மாற்றக்கூட உள்ளே போகவில்லை. அந்தப் புடவையோடு பாத்தியில் இறங்கினேன். மண் ஈரமாக இருந்ததால் செடிகள் எதிர்ப்பில்லாமல் வந்தன.

"நீ போய் மூஞ்சி கழுவு, நான் பண்றேன்," என்றார் கணவர்.

"வேணாம். நீங்க குனியாதீங்க."

"காயை மட்டும் தனியா ஒரு கவர்ல போடறேனே. தூரமா எங்கனா வீசிட்டு வர்றேன்."

"ஒரு காயும் இந்த கேட்டைத் தாண்டக் கூடாது. வக்கீல் சொல்லிட்டா."

துணி ஊறவைக்கும் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பினாயில் ஊற்றி, செடியை முறித்து முறித்து உள்ளே அமுக்கினேன். முறிக்கும் இடத்தில் பால் வந்தது. காயை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போட்டேன். கீறல் இல்லாத காய் எனக்கு அகப்படவில்லை. அபின் பாலுக்காக யாரோ கீறியிருக்கிறார்கள். டைல்ஸ் போடுகிறவர்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவருக்குத்தான் தெரியும். மதில் ஏறிக் குதித்தால் இரண்டு நிமிடம். எச்சரிக்கை பண்ணுகிற மாதிரி பண்ணிவிட்டு, நான் பயத்தில் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இனி எங்களை மிரட்டுவார். இப்படியெல்லாம் நினைத்தபடி டிரம்மை மூடி, மேலே கல்லை வைத்தேன்.

மறுநாள் கணவருக்கு வாராந்திர விடுமுறை. அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். டைல்ஸ்காரர் கலவைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காலி பாத்தியைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார்.

"எடுத்தாச்சா அக்கா? நல்லது."

"காயைக் கீறினது யாரு?" என்றேன். "எங்க வீட்டுக்குள்ள வந்து கீறினது நீங்கதானே?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான் அதைத் தொட மாட்டேன் அக்கா. எங்க அப்பா அதுலதான் போனார். வயல் எங்களது, லைசென்ஸ் எங்களது, கொஞ்சம் கொஞ்சமா அவரே தின்னார். வயல் போச்சு. அதுக்கு அப்புறம்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்."

"அப்ப யாரு?"

அவர் மாடியைக் காட்டினார். அவர் வேலை செய்கிற மாடி அறையின் ஜன்னலுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. அங்கிருந்து எங்கள் தோட்டம் முழுதும் தெரியும்.

"மதியம் அண்ணன் அந்தப் பாத்தியிலதான் நிப்பார்," என்றார் மெதுவாக. "வீட்டு அண்ணன். கையில பிளேடு. நான் முதல்ல அண்ணன்கிட்டதான் சொன்னேன். சிரிச்சார். அதனாலதான் உங்ககிட்ட சொன்னேன்."

நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. கணவர் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"எட்டு நாள்."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"அந்தாளுதான் மொதல்ல சொன்னான். அப்புறம் போன்ல பாத்தேன்." இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "வலி தாங்கல."

விபத்துக்குப் பிறகு அவருக்குக் கொடுத்த வலி மாத்திரை சாதாரண மாத்திரை இல்லை. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒரு கட்டத்தில் சீட்டு இல்லாமலே எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்தார். என் வேலைக்கே ஆபத்து வரும் என்று சண்டை போட்டு, இருந்த அட்டையையெல்லாம் கழிவறையில் கொட்டினேன். அது போன வருடம். அதன் பிறகு அவர் மாத்திரை கேட்கவில்லை. பிரச்சினை முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ மாத்திரையை நிறுத்தினப்ப, நிறுத்திட்டேன்னுதான் சொன்ன. வலி எப்படி இருக்குதுன்னு அதுக்கப்புறம் ஒரு நாளும் கேக்கல."

"கேட்டா குடுக்க வேண்டி வரும்னு பயந்தேன்."

"தெரியும்," என்றார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். சுண்ணாம்பு டப்பா. திறந்து பார்க்கவில்லை நான். இதுதானா, வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். இதுதான் என்றார். அதையும் கொண்டுபோய் டிரம்மில் போட்டேன். திரும்பி வந்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது பயத்தில் வந்த நடுக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். போதை கிடைக்காத உடம்பின் நடுக்கம்; எத்தனையோ நோயாளிகளிடம் அதைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் போலீஸ்காரர் முன்னால் அவர் ஏன் எழுந்து ஒரு காயைத் திருகப் போனார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். கொடுத்துவிட்டால் போலீஸ்காரர் சீக்கிரம் போய்விடுவார் என்று மட்டும்தான் நினைத்தேன், அவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தோன்றவே இல்லை என்றார். எட்டு நாளில் ஒரு மனிதரின் புத்தி அவ்வளவு தூரம் போயிருந்தது.

அன்று மத்தியானமே ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், விழுப்புரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தேன். டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். செடியைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கியபோது கணவரே சொல்லிவிட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நோயாளி சொல்றது எங்களோட இருக்கும்மா," என்றார். அந்தச் சீட்டில் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்த்தேன். எனக்குப் படிக்க முடியாத கையெழுத்து.

பதினெட்டு நாள் அங்கே இருந்தார். முதல் ஐந்து நாள் என்னைத் திட்டினார், ஆறாம் நாள் அழுதார். பிறகு இடுப்புக்கு வேறு மருந்தும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்போதும் போய் வருகிறார். வலி முழுதாகப் போகவில்லை. போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போலீஸ்காரர் சொன்னபடி அடுத்த வாரம் வரவில்லை. போன் பண்ணினார். நான் வார்டில் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"விதை எடுத்தீங்களாம்மா?"

"செடி எல்லாம் அழுகிப் போச்சு சார். புடுங்கிப் போட்டுட்டேன்."

"அடடா. பூச்சின்னு அன்னைக்கே பாத்தமே," என்றார். "சரி விடுங்க. பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு. ரிப்போர்ட் நல்லபடியா அனுப்பிட்டேன்."

போலீஸ்காரரின் மனைவிக்காக ஜினியா விதை ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். கொடுத்தால் பேச்சு நீளும் என்று கொடுக்கவில்லை. தங்கைக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன், செடியைப் பற்றி. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மீதி விதையை இரண்டு பேருக்குக் கொடுத்தாளாம். அவர்கள் வீட்டில் முளைக்கவே இல்லை என்று விசாரித்துச் சொன்ன பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். டைல்ஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த வீட்டில் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

கோடை போய், மழை வந்து, கார்த்திகை பிறந்தது. ஒரு மத்தியானம் நான் வீட்டில் இருந்தபோது கணவர் வெளியிலிருந்து கூப்பிட்டார். மூன்றாவது பாத்தியின் விளிம்பில், செங்கலுக்கு அடியில், விரல் நீளத்துக்கு ஒரு நாற்று. சாம்பல் பூத்த பச்சை. அவர் அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இது அதுவா பாரு," என்றார்.

அதுதான். நான் பிடுங்கினேன். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று இருவரும் பாத்தி முழுக்கத் தேடினோம். நாலு கிடைத்தது. இன்னொன்று இருந்து அதை அவர் எனக்குச் சொல்லாமல் விட்டிருப்பாரோ என்று என் மனம் நினைத்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நினைத்ததை அவர் படித்துவிட்டார்.

மறுநாள் அவரே போய் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பாத்தியையும் கொத்திவிட்டு, ஜல்லி கொட்டி, சிமென்ட் போட்டுவிட வேண்டும் என்றார். சாமந்திப் பாத்தியையாவது விடலாமே என்று நான் கேட்டேன்.

"எந்த எடத்துலயும் மண்ணே வேணாம்," என்றார் அவர்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. பீடத்துக்குப் பூ இப்போது மார்க்கெட்டில் வாங்குகிறேன். நன்றாக இருந்த தோட்டத்தை ஏன் மூடினீர்கள் என்று கோவிலில் கேட்டால், பைக் நிறுத்த இடம் இல்லை என்று சொல்கிறேன். வேலையிலிருந்து வந்ததும் முதலில் அவரிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். பரவாயில்லை என்கிறார். அவர் சொல்லும்போது நான் அவருடைய கண்மணியைப் பார்க்கிறேன், அபின் உள்ளே போனவர்களுக்குச் சுருங்குகிற மாதிரி சுருங்கியிருக்கிறதா என்று. நான் பார்ப்பது தெரிந்து, அவர் வெளிச்சத்தின் பக்கம் முகத்தைக் காட்டி நிற்கிறார்.